சலவைத் தெருக் கதவு

"கதவை மூடிட்டா நாம உள்ள இருக்கோமா, வெளிய இருக்கோமா?"

கடுகு இதைக் கேட்டபோது அவளுக்குப் பால் பற்கள் விழுந்துகொண்டிருந்த வயது. கேட்டது அப்பாவிடம். தெருக்கதவின் காவலர் அவர். கதவைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குத் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். பக்கத்தில் இருந்த சித்தப்பாதான் முந்திக்கொண்டார்.

"சாப்பாடு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம்தான் உள்ள. இதுகூடத் தெரியாத ஆளுகிட்டயா சாவியைக் கொடுத்து வச்சிருக்காங்க?"

அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்ததும் அவர்தான். உருவம் சிறிது, காரம் குறைச்சல் இல்லை.

பின்னாளில் இதே கடுகு விண்கலத்தின் தலைவியாக நிமிர்ந்து நின்றதைத் திரைப்படத்தில் நாம் பார்த்திருக்கிறோம். எந்தக் கதவை மூடினாலும் முதலில் வலது காதை, பிறகு இடது காதை அதில் ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பாள். ஆபத்து துரத்தி வரும்போதும் அப்படித்தான். அந்த இடத்தில் அரங்கில் சிலர் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவளுடைய வீட்டுக் கதையைப் படம் சொல்லவில்லை.

வெளியே வீசும் தூசிக்குப் பயந்து தெருக்களுக்கெல்லாம் கூரை போட்டுக்கொண்ட ஊர் அது. தெருவுக்கும் தெருவுக்கும் நடுவே இரும்புக் கதவு. கூரை கிழிந்தால் மணி அடிக்கும். அந்தத் தெருவைக் கதவு போட்டு மூடிவிடுவார்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் சுண்ணாம்புபோல் இறுகிவிடும்.

பால் பற்கள் விழுந்து கடுகு வளர்ந்துவிட்டாள். சென்ற வாரம் சலவைத் தெருவின் கூரை கிழிந்தது. வீடுகளின் காற்று ஃபில்டர்களைத் துவைத்துக் காயவைக்கும் தெரு. வேலையாட்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அப்பா கதவைச் சாத்திக் குறுக்குத் தண்டை இறக்கினார். முறைப்படி இரும்புக் கம்பியால் மூன்று தட்டு தட்டினார். காதை வைத்துக் கேட்டார். உள்ளே இருந்து பதில் தட்டு வந்தால், மெழுகு பூசுவதற்கு முன் ஒரு ஆள் நுழையும் அளவு திறக்கலாம். பதில் வரவில்லை. விளிம்பெல்லாம் மெழுகை அப்பி மூடினார்.

பிறகுதான் ஆட்களை எண்ணிப் பார்த்தார்கள். சித்தப்பா இல்லை.

இன்று தூசி அடங்கிவிட்டது. கதவைத் திறக்கப்போகிறார்கள்.

* * *

அம்மா கடுகின் முகமூடி வாரை இறுக்கிக் கட்டினாள். திறக்கும் குழுவோடு இறந்தவர் வீட்டிலிருந்து ஒருவர் போக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம்.

கட்டிலில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கதவை மூடிய நாளிலிருந்து அவர் வாயில் தண்ணீர் தவிர வேறெதுவும் போகவில்லை. ஒருக்களித்துப் படுத்து இடது காதைத் தலையணையில் புதைத்திருந்தார். அந்த வீட்டில் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய வலது காது செத்துப்போய் வெகு காலம் ஆகிறது. கதவருகே சுழலும் பெரிய விசிறியின் இரைச்சல் தின்றுவிட்டது. நல்ல காதையும் மூடிக்கொண்டால் உலகம் பேசுவது நின்றுவிடும்.

வெளியே யாருக்கும் அது தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும். வேலையோடு வந்த வீடும் போய்விடும். அதனால் அம்மா எப்போதும் அவருக்கு இடப்பக்கம் நடப்பாள். கடுகு இடப்பக்கம் உட்காருவாள். சித்தப்பா அதை வைத்துக் கேலி செய்துகொண்டே இருப்பார். "அண்ணன்கிட்ட உதவி கேட்கணும்னா இடது பக்கம் நில்லு. அண்ணனைத் திட்டணும்னா வலது பக்கம் நில்லு."

ஆனால் கதவுக்கு இந்த நளினமெல்லாம் தெரியாது. தண்டின் ஆணி விழும்வரை இடது தோளால் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அப்படி நின்றால் முகம் தோள் பக்கம் திரும்பிவிடும்; இரும்பில் படுவது வலது காது மட்டும்தான். எல்லாக் காவலர்களும் அப்படித்தான் கேட்பார்கள். அப்பாவும் அப்படித்தான் கேட்டார்.

வாசலில் நிழல் தட்டியது. சித்தி. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவளுக்கு நெஞ்சு பலவீனம். குழுவோடு அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"உள்ள வந்து உட்காரு" என்றாள் அம்மா.

"வரேன்க்கா. பிறகு வரேன்." சித்தியின் கண் கடுகின் மேலேயே இருந்தது. "நீதான் போறியா?"

"ஆமா சித்தி."

"நல்லதாப் போச்சு. நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி. திரும்பி வந்ததும் முதல்ல எங்கிட்ட வா. ஒரே ஒரு விஷயம் சொன்னாப் போதும். தட்டினாரா, தட்டலையா?"

கடுகு கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கப்பா கேட்டேன், பதில் வரலைங்கிறாரு. அவர் ஓடி வர்றதுக்குள்ள தூசி அமுக்கிடுச்சுன்னா அது விதி. மனசைத் தேத்திக்குவேன். கதவு வரைக்கும் வந்து தட்டினாருன்னா..." சித்தி முடிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

அம்மா தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள், தாழ்த்த வேண்டிய தேவை இல்லாத வீட்டில்.

"இங்க பாரு. உள்ள நீ எதைப் பார்த்தாலும் சரி, தட்டலைன்னு சொல்லிடு."

"அம்மா!"

"என்ன அம்மா? கொழுந்தனார் போயிட்டாரு. அந்தத் துக்கம் எனக்கு இல்லையா? இதோ படுத்திருக்கிற மனுஷனைப் பாரு. தட்டினாருன்னு ஒரு வார்த்தை இவர் காதுல விழுந்தா, நாளைக்கு இந்த வீட்டுல இருந்தும் ஒருத்தரைத் தூக்கணும். செத்தவருக்கு உண்மை எதுக்குடி? இருக்கிறவருக்கு உயிர் வேணும்."

"சித்தி இருக்காங்களே அம்மா."

அம்மா வாரை இன்னொரு முறை இறுக்கினாள். கடுகுக்குக் கன்னம் வலித்தது.

* * *

திறக்கும் குழுவின் தலைவியை எல்லோரும் மேஸ்திரியம்மா என்பார்கள். இரண்டு ஆண்களின் அகலம். பேச்சு அதைவிட அகலம்.

"மூக்கைக் கட்டு, வாயைக் கட்டு. கண்ணை மட்டும் திறந்து வை" என்றாள் கடுகிடம். "மயக்கம் வந்தா என் மேல சாயி. என் மேல சாஞ்சவங்க யாரும் கீழ விழுந்ததில்ல. நான்தான் தரைக்குப் பாதி வழியில இருக்கேனே."

மெழுகைச் சுரண்டினார்கள். தண்டைத் தூக்கினார்கள். கதவு அசையவில்லை. அடியில் ஏதோ இடறியது. நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளிய பிறகு, கனமான எதையோ இழுத்துக்கொண்டு மெல்ல விலகியது.

உள்ளே எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தொட்டிகள், கொடிகள், காயப்போட்ட ஃபில்டர்கள் எல்லாவற்றின் மேலும் தூசி போர்வைபோல் கிடந்தது. கடுகு தூரத்தில் தேடினாள். சித்தப்பாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. கதவின் காலடியிலேயே இருந்தார்.

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த நிலையில் இருந்தார். கதவு நகர்ந்தபோது அவரும் நகர்ந்திருக்கிறார். உடம்பில் சட்டை இல்லை. முகத்தில் முகமூடி இல்லை. தூக்கத்தில் யாரோ மாவு தூவிவிட்டுப் போனதுபோல் இருந்தார்.

மேஸ்திரியம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடுகு சாயவில்லை. மண்டியிட்டாள்.

சட்டை எங்கே என்று அப்போது தெரிந்தது. கதவின் அடியில், பூமியோடு சேரும் இடத்தில் ஒரு நீள இடைவெளி. கதவு என்றைக்கோ கோணிப்போயிருக்கிறது. அந்த இடைவெளி முழுக்கச் சட்டையைக் கிழித்துத் திணித்திருந்தார். போதாமல் ஈர ஃபில்டர் ஒன்றையும் பிய்த்து அடைத்திருந்தார். மேலே தன் உடம்பை வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தார்.

கதவை மூடிய அன்று கடுகும் இந்தப் பக்கம் நின்றிருந்தாள். மெழுகு பூசி முடித்த பிறகும் கதவடியில் புகைபோல் தூசி கிளம்பிக்கொண்டிருந்தது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலறினார்கள். பிறகு அது தானாக நின்றது. கடவுள் காப்பாற்றிவிட்டார் என்று தெரு முழுக்கச் சொன்னது. அதில் பொய் இல்லை. யாருடைய கையால் என்பதுதான் அன்று யாருக்கும் தெரியவில்லை.

கடுகு எழுந்தாள். கதவின் உட்புறத்தில் தன் தலை உயரத்துக்குக் கையால் தூசியைத் தள்ளினாள். தூசி உதிர்ந்தது. அடியில் இருந்த மூன்று கறைகள் உதிரவில்லை. சலவைத் தொட்டிச் சேறு. ஈரக் கையின் விரல் முட்டி பட்ட இடங்கள். பக்கத்துப் பக்கத்தில், அப்பாவின் காது ஒட்டியிருந்திருக்கும் இடத்துக்கு நேராக, காய்ந்து இறுகியிருந்தன.

மூன்று தட்டுக்கு மூன்று தட்டு.

பதில் வந்திருக்கிறது. ஒரு விரற்கடை இரும்புக்கு அப்பால், செத்த காதில் வந்து விழுந்திருக்கிறது.

மேஸ்திரியம்மாவும் பார்த்துவிட்டாள். மற்றவர்கள் தொட்டிகளுக்குப் பின்னால் போயிருந்தார்கள். அவள் இடுப்பிலிருந்து ஈரத் துணியை உருவி கடுகின் கையில் வைத்தாள்.

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். எனக்குக் கழுத்து வலி. உடனே திரும்ப முடியாது."

அன்பாகத்தான் சொன்னாள். கடுகு துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே இழுப்பு போதும். அம்மா கும்பிடுவாள். அப்பா மெல்ல எழுந்து சாப்பிடுவார். சித்தி விதி என்று சொல்லிக்கொண்டு வாழ்வாள், சித்தப்பா எதைச் செய்தார் என்பதே தெரியாமல்.

அவள் கண் கீழே போனது. சித்தப்பாவின் தொடைக்குப் பக்கத்தில் கொக்கிக் கம்பி கிடந்தது. தொட்டியிலிருந்து ஈர ஃபில்டர்களைத் தூக்குவதற்கு அவர் வைத்திருப்பது. கனமான இரும்பு. அதன் முனையில் சட்டையின் நூல் சிக்கியிருந்தது. துணியைக் குத்தித் திணிக்க அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்.

அதைக் கொண்டு கதவில் ஓங்கி ஒன்று வைத்திருந்தால் தெருவே கேட்டிருக்கும். செவிடன் காலுக்கும் அதிர்ந்திருக்கும். தம்பி உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தால் அண்ணன் மெழுகைப் பிய்த்துக் கதவைத் திறந்திருப்பார். யார் தடுத்தும் நின்றிருக்க மாட்டார். பொங்கி நின்ற தூசி அத்தனையும் பிள்ளைகள் மேல் கொட்டியிருக்கும்.

கதவில் கம்பி பட்ட தடம் ஒன்றுகூட இல்லை.

கடுகு துணியை மடித்து மேஸ்திரியம்மாவிடம் கொடுத்தாள். "கழுத்தைத் திருப்பிக்கங்க. ரொம்ப நேரம் வச்சிருந்தா நிஜமாவே வலிக்கும்."

மேஸ்திரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அந்தத் துணியாலேயே சித்தப்பாவின் முகத்தைத் துடைத்தாள், தூங்கும் பிள்ளைக்குத் துடைப்பதுபோல.

"முகமூடி எங்க?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "மணி அடிச்சா முதல்ல அதைத்தானே மாட்டுவாங்க?"

தெரு முழுக்கத் தேடினார்கள். முகமூடி கிடைக்கவில்லை. வேறு உடலும் இல்லை. மறுகோடியில், வெட்டவெளிக்குப் போகும் சிறிய கதவு மட்டும் உள்தாழ்ப்பாள் நீங்கிக் கிடந்தது. கணக்கில் வராத யாருக்கோ முகமூடியைக் கொடுத்து அந்த வழியே அனுப்பியிருக்கிறார்; யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

* * *

சித்தி தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு மேலிருந்த காற்றுத்துளை கர் கர் என்று இழுத்தது. ஊருக்கெல்லாம் ஃபில்டர் துவைத்தவர் வீட்டுக்கு எப்போதும் கடைசியாகத்தான் முறை வரும். அந்த முறை வருவதற்குள் தெரு மூடிவிட்டது. இனிச் சலவை எப்போது நடக்குமோ தெரியாது.

கடுகு எதிரில் உட்கார்ந்தாள். வழி நெடுக அடுக்கி வைத்த சொற்கள் எல்லாம் எங்கோ போயிருந்தன.

"தட்டினாரு சித்தி."

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மூச்சும் காற்றுத்துளையின் மூச்சும் ஒன்றுபோலவே இழுத்தன.

"எத்தனை?"

"மூணு. அப்பா தட்டின உடனே தட்டியிருக்காரு. அதுக்கப்புறம் தட்டலை. கையில கொக்கிக் கம்பி இருந்துது. அதால அடிக்கவே இல்லை. சட்டையைக் கிழிச்சு, அந்தக் கம்பியால கதவடியில அடைச்சிருக்காரு. மேல உட்கார்ந்திருந்தாரு."

சித்தி மூடிய கண்ணைத் திறந்தாள். பிறகு சித்தியின் வாய் கோணியது. அழுகை என்று நினைத்துக் கடுகு கையைப் பிடித்தாள். பாதி சிரிப்பு.

"வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா ஊரைக் கூட்டுற மாதிரி அடிப்பாரு அந்த மனுஷன். அன்னிக்குன்னு பார்த்து சத்தமே போடாம இருந்துட்டாரா?"

அதற்குப் பிறகுதான் அழுதாள். கடுகு அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரியாது. சொல்லத் தெரியாததும் சில நேரம் நல்லதுதான்.

"அந்தக் காது விஷயம் உனக்குத் தெரியுமா?" சித்தி முகத்தைத் துடைத்தபடி கேட்டாள்.

"தெரியும்."

"எனக்கும் தெரியும். வாய்விட்டுச் சிரிச்சிருக்கேன். நாலு பேரும் சேர்ந்துதானே மூடி வச்சோம்? அப்போ உங்கப்பா மட்டும் எப்படிக் குத்தவாளி?" சுவரைப் பிடித்து எழுந்தாள். "வா. என்னைக் கூட்டிட்டுப் போ."

அம்மா கதவைத் திறந்தாள். இரண்டு முகங்களையும் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. கையை ஓங்கிக்கொண்டு மகளிடம் வந்தவள், சித்தி குறுக்கே நின்றதும் அதே கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சித்தி கட்டிலுக்குப் போனாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைந்து, அப்பாவின் முகத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். அவர் தலையைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். புதைந்திருந்த இடது காது வெளியே வந்தது.

"மாமா. உங்க தம்பி தட்டினாரு."

அப்பாவின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அழுகை என்று சொல்ல முடியாது. ஏதோ ஒன்று அடியோடு பெயர்கிற சத்தம். "எனக்குக் கேக்கலையே" என்றார். "கேக்கலையேம்மா."

"தெரியும். அவருக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கும். கையில கம்பியை வச்சுக்கிட்டு அடிக்காம இருந்திருக்காரு." சட்டையைப் பற்றியும், கதவடியைப் பற்றியும் சித்தி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "முதல்ல நடந்தது உங்க பாவம். எங்க பாவமும்தான். நான் இல்லைங்கலை. உங்களை மன்னிச்சுட்டேன்னும் இப்போ சொல்லலை. அதுக்கு எனக்கு நாள் வேணும். ஆனா பிறகு நடந்தது அவர் முடிவு. நீங்க செத்து, அதையும் உங்க கணக்குல எழுதிக்காதீங்க. அது அவருது."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். எத்தனையோ வயது கூடியிருந்தது. கழுத்தில் கயிற்றோடு தொங்கிய கதவுச் சாவியைக் கழற்றினார்.

"எங்க போறீங்க?" அம்மா பதறினாள்.

"ஆபீசுக்கு. காதைப் பத்திச் சொல்ல."

"வேலை போயிடும். இந்த வீடு போயிடும். ஜெயில்ல போட்டாலும் போடுவாங்க."

"இன்னொரு தடவை மணி அடிச்சா?" என்றார் அப்பா. அம்மா தட்டில் இருந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து அவர் கையில் திணித்தாள். வாயில் போட்டு மெல்லாமல் விழுங்கிவிட்டுப் போனார். அம்மா கூடவே ஓடினாள், இடப்பக்கமாக.

* * *

பிற்பகலில் அடக்கம். தெருவே திரண்டு பிரார்த்தனைக் கூடத்துக்கு நடந்தது. அன்று கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் வந்தார்கள். மேஸ்திரியம்மா சித்தியைத் தோளில் தாங்கிக்கொண்டு முன்னால் போனாள். விசாரணை முடியும்வரை ஊரைவிட்டு நகரக்கூடாது என்ற கட்டளையோடு அப்பா கடைசி வரிசையில் தனியாக நடந்தார். கேலி செய்ய அவருக்கு வலப்பக்கம் தம்பி இல்லை.

முனை திரும்பும்போது கடுகு நின்றுவிட்டாள். முகமூடி வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். கூட்டம் போனது.

வீட்டுக்கு ஓடினாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, கதவுக்கு மேலிருந்த ஃபில்டரை உருவினாள். வெள்ளையாக இருந்தது. கூரை கிழிவதற்கு முந்தின நாள் சித்தப்பா தன் கையால் துவைத்து, இதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மாட்டிவிட்டுப் போனார். ஊரில் இப்போது இதுபோல் வெள்ளையாக இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

அதைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனாள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கதவைச் சாத்தக்கூட மறந்து போயிருந்தார்கள்.

அங்கிருந்த நாற்காலியைப் போட்டு ஏறினாள். பழைய ஃபில்டர் இழுக்க இழுக்க வரவில்லை. களிமண் பலகைபோல் கெட்டித்திருந்தது. நகம் பிய்ந்தது. ஒரு வழியாகக் கழன்று வந்தபோது தலை, முகம் எல்லாம் சாம்பல் கொட்டியது. புதியதை வைத்து, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி, சட்டத்தை மாட்டினாள். தரையில் கொட்டிய தூசியைத் துடைத்தாள். நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். பழையதைக் கொண்டுபோய்த் தன் வீட்டில் மாட்ட வேண்டும். இன்று இரவு அம்மா இருமுவாள். தூசி அதிகம் என்று தூசியைத் திட்டுவாள்.

அதை இடுக்கிக்கொண்டு கிளம்பியவள் வாசலில் ஒரு கணம் நின்றாள்.

காற்றுத்துளையின் கர் கர் நின்றிருந்தது. அது இருப்பதே தெரியவில்லை. காற்று மட்டும் ஆளில்லாத அந்த அறைக்குள் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது.